நான் அடித்த நோயாளி

பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் நான் ஒரு மனிதனின் மண்டையை உடைத்தேன். இதை என் பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் காலத்துக் கதை கேட்டால் சிரிப்பு வரக்கூடியவற்றைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்புத் துறைமுகத்துக்குள் இடமில்லாமல் கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு இறங்குகிற ரோட்டில், மிஷன்காரர் நடத்திய சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கட்டிடமே இல்லை. அங்கே பதினேழு வயது நிறைந்த பெண்பிள்ளைகளை எடுத்து மூன்று வருடம் தாதி வேலை பழக்கினார்கள். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு நோயாளிகள் கிடக்கிற வாட்டு. வகுப்பில் படித்ததற்கு எழுத்துப் பரீட்சை இருந்தது. வாட்டில் செய்ததற்கு ஒரு நீலக் கொப்பி தந்தார்கள். ஊசி போடுதல் இருபது தடவை, படுக்கைப் புண் கழுவுதல் பத்துத் தடவை, தலைக்காயத்துக்கு மருந்து கட்டுதல் பத்துத் தடவை என்று அதில் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் வாட்டுச் சிஸ்டர் கையெழுத்து வைக்கவேண்டும். பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் கொப்பி நிரம்பாவிட்டால் சேட்டிபிக்கட் இல்லை. கொப்பி நிரம்பிப் பரீட்சையில் தவறினாலும் இல்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. நான் விண்ணப்பம் போட்டது தெரிந்த அன்று அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கையில் இருந்த குடையாலேயே அடித்தார்.

"கண்ட கண்ட ஆம்பிளையளின்ரை மலம் அள்ளவோ உன்னைப் படிப்பிச்சனான்?"

குடையின் கம்பி வளைந்தது. அடுத்த நாள் இடுப்புப் பட்டியால் அடித்தார். மூன்றாம் நாளும் அடித்தார். நான் அழவில்லை, ஓடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் அடுத்தது கலியாணம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "உங்கடை கைதான் வீங்கியிருக்கு. அவள் அசையிறாள் இல்லை" என்றா. அந்த வெள்ளிக்கிழமை அப்பாவே என்னை பஸ்ஸில் கோட்டைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து ட்ராமில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட்டார்.

அடிக்குத் தப்பி ஓடிய இடம் என்று நான் நினைத்த ஆஸ்பத்திரியிலும் அடிதான். வகுப்பு எடுத்த மேட்ரன் ஒரு வெள்ளைக்காரி. மேசையில் மரக்கோல் ஒன்றை வைத்திருப்பா. எந்த எலும்பின் பெயரை மறந்தோமோ அந்த எலும்பிலேயே அடி விழும். இன்றைக்கும் புறங்கை எலும்புகளின் பெயர்கள் எனக்கு வரிசையாக வரும். ஆண்கள் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வேதக்காரி, கலியாணம் செய்யாதவ. அவ கோல் எடுப்பதில்லை. மேல்கையின் உட்புறத்தில், சட்டைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து, நகத்தால் கிள்ளித் திருகுவா.

வாட்டுக்குள் வருகிறவர்களோ வெட்டுப்பட்டவர்கள், குத்துப்பட்டவர்கள், பாரம் விழுந்து நசுங்கியவர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கொச்சிக்கடைப் பக்கமிருந்து ரிக்‌ஷாக்களில் இரத்தம் சொட்டச் சொட்ட வந்து இறங்குவார்கள். ஒருமுறை சண்டை பிடித்த இரண்டு பேரையும் தெரியாமல் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிட்டோம். தையல் போட்டு முடிந்து அரை மணித்தியாலத்தில் ஒருவன் மற்றவனின் காதைக் கடித்து எடுத்துவிட்டான். காதுத் துண்டை நான்தான் கட்டிலுக்குக் கீழே தேடி எடுத்தேன்.

என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. சிவந்த மெல்லிய பிள்ளை, கோயிலில் பாடுகிறவள். நான் அவளைக் கொட்டாஞ்சேனை என்பேன், அவள் என்னை வெள்ளவத்தை என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு.

இரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை துறைமுகத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இராமநாதபுரம் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். கப்பலிலிருந்து இறக்கிய அரிசி மூட்டைகள் கயிறு அறுந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. காலுக்குக் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வைத்து, இரும்பு எடை தொங்கவிட்டு இழுத்து வைத்தோம். இரண்டு நாள் சாதுவாகக் கிடந்தார். தினமும் சாராயம் குடிக்கிறவரா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அதுவும் பாடத்தில் இருந்தது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. சிஸ்டர் டொக்டரோடு ஒப்பரேஷன் அறையில். வாட்டு வேலையாளான ஓடலி சாப்பாட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிருந்தான். வாட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் என் கையைத் தட்டினாள்.

"வெள்ளவத்தை, அந்த ஆளைப் பாரடி. எலி பிடிக்கிறார்."

அவர் போர்வையில் இல்லாத எலிகளைப் பொறுக்கிச் சுவரில் எறிந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். குடியை நிறுத்தினால் வருகிற சித்தப்பிரமை அது. போன மாதந்தான் படித்திருந்தோம். கூரான பொருட்களை அகற்று, உதவிக்கு ஆள் அனுப்பு, மெல்லப் பேசு, நோயாளியை ஒருபோதும் கைநீட்டி அடிக்காதே. அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி.

"நீ போய் சிஸ்டரைக் கூட்டிவா. நான் பேச்சுக் குடுக்கிறன்" என்றாள். நான் நடைகூடத்தின் நடுவுக்குக்கூடப் போயிருக்கமாட்டேன். பின்னால் கிண்ணம் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவளுடைய கழுத்தைப் பிடித்துக் கட்டிலோடு அமுக்கியிருந்தார். மூட்டை தூக்குகிற கைகள். அவளுடைய முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. கால்கள் நிலத்தில் உதைத்துக்கொண்டிருந்தன. "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்தியபடி அவருடைய விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. மணிக்கட்டைக் கடித்தேன். உப்புக் கரித்தது, தோல் கிழிந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் நோயாளிக்கு மலசலம் எடுக்கிற பெட்பான் இருந்தது, கனத்த இரும்பில் வெள்ளை எனாமல் பூசியது. இரண்டு கையாலும் தூக்கி அடித்தேன்.

முதல் அடி தோளில் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அடி உச்சந்தலையில். தேங்காய் உடைகிற சத்தம். தோல் பிளந்து இரத்தம் என் முகத்தில் தெறித்தது. அவருடைய கைகள் கழன்றன. அவள் மூட்டை மாதிரிச் சரிந்து நிலத்தில் விழுந்து இழுத்து இழுத்து மூச்செடுத்தாள்.

அதோடு முடிந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயத் தொடங்கியிருந்தார். அதை நான் கண்டேன். கண்டுவிட்டுத்தான் மூன்றாவது தரம் ஓங்கி அடித்தேன், காதுக்கு மேலே. அந்த அடியில் எனக்குள் இருந்தது பயம் இல்லை. எப்படிச் சொல்வது? நல்லாயிருந்தது. குடை, பட்டி, மரக்கோல், கிள்ளு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்ற கை அன்றைக்குத்தான் ஒருதரம் ஓங்கியது. அப்படி நினைத்து என்னை நானே பின்னாளில் ஆற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் எனக்கு ஒன்றும் செய்தவரில்லை என்பதும் தெரியும்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். அவர் விழுந்து அடிபட்டார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். டொக்டர் இளம் ஆள். தையல் போட்டுக்கொண்டே, "விழுந்தது ஒருதரம் எண்டால் காயம் எப்படி ரெண்டு?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்துகொண்ட முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தவர்.

"கட்டில் கம்பியிலயும் பட்டிச்சு, செவருலயும் பட்டிச்சு டொக்டர். நான் கண்டேன்" என்றார்.

கொட்டாஞ்சேனையால் ஐந்து நாள் பேச முடியவில்லை. கழுத்தில் பத்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. மேட்ரன் விசாரிக்க வந்தபோது சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'அவள் அவரை இழுத்தாள். அவர் பின்னால் விழுந்தார்.' மேட்ரன் அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, அப்படியே பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டா.

சிஸ்டரை ஏமாற்ற முடியவில்லை. அன்று பின்னேரம் என்னைக் கழுவுகிற அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. பெட்பானை வெளிச்சத்தில் பிடித்தா. எனாமல் இரண்டு இடத்தில் தெறித்திருந்தது. ஒன்றில் மயிர் ஒட்டியிருந்தது.

"ஒரு அடி பிள்ளையைக் காப்பாத்த. மற்றது என்னத்துக்கு?"

சிஸ்டர் பெட்பானைத் தொட்டிக்குள் வைத்தா.

"வாயைத் திறந்து ஆருக்கும் சொன்னீரோ, உம்முடைய கொப்பியை அடுப்பிலை போடுவன். ரெண்டு காயத்துக்கும் நீர்தான் மருந்து கட்டவேணும். ஒருநாளும் தவறக்கூடாது." பிறகு பெட்பானைத் தானே தேய்த்துக் கழுவினா.

அப்படி நான் உடைத்த தலைக்கு நானே மருந்து கட்டினேன். ஒவ்வொரு நாளும் சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்து, 'தலைக்காயத்துக்கு மருந்து கட்டுதல்' என்ற பக்கத்தில் கையெழுத்து வைத்தா. ஒட்டிய துணியை வெந்நீர் விட்டு ஊறவைத்து எடுக்கையில் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். புத்தி தெளிந்துவிட்டது. நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில்லை. ஆனால் அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"கங்காணிப் பயதான் மிஸ்ஸி. படுத்துக் கெடக்கையில வந்து அடிச்சிருக்கான். எலி எலியா ஏதோ தெரிஞ்சுது, அதுக்கு நடுவுல அவன் மொகம்." கங்காணி என்றது துறைமுகத்தில் அவர்களுடைய கூட்டத்துக்கு மேலாளாக இருந்தவரை. "காலு நேராகட்டும். அவன் மண்டையப் பொளக்காம விடமாட்டேன்."

அவர் ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார். எந்தக் கையால், எந்த இடத்தில் வைத்து அடிப்பார் என்றெல்லாம் சொன்னார். எனக்கு நித்திரை போய்விட்டது. நான் செய்ததற்கு வேறொரு மனிதன் சாகப்போகிறான் என்று நினைத்தேன். ஒன்பதாம் தடவை கட்டுகிறபோது மேட்ரன் கூப்பிட்டா என்று சிஸ்டர் போய்விட்டா. குனிந்து, மெல்லமாகச் சொன்னேன்.

"கங்காணி இல்லை. நான்தான் அடிச்சனான்."

அவர் சிரித்தார். "ஒன் கையி முருங்கக் குச்சி மாதிரி இருக்கு."

"உங்களுக்குப் புத்தி மாறிப்போச்சு. அந்தச் சிவந்த மிஸ்ஸியின்ரை கழுத்தை நெரிச்சனீங்கள். பெட்பானாலை அடிச்சன்."

சிரிப்பு நின்றது. "அந்தப் புள்ளையவா?"

"ஓம்."

"விட்டனா?"

"ரெண்டாவது அடியிலை விட்டீங்கள்."

"பெறகு?"

"பிறகும் ஒண்டு அடிச்சன்."

அவருடைய கை மெதுவாக எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இறுக்கியது. கையிலிருந்த இடுக்கி விழுந்தது. எலும்பும் எலும்பும் உரசுவதை உணர்ந்தேன். கத்தினால் ஓடலி வருவான், அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுவார்கள். கத்தவில்லை. கண்ணீர் மட்டும் அவருடைய மார்பில் விழுந்தது. நானா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஓங்குன கை சும்மா எறங்காது" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு விட்டார்.

"கங்காணியை ஒண்டும் செய்யமாட்டீங்கள்தானே?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. மருந்து கட்டப் போனால் தலையை மட்டும் திருப்பிக் கொடுப்பார்.

மணிக்கட்டில் நீலம் பூத்ததைச் சிஸ்டர் அடுத்த நாளே கண்டுவிட்டா. நடந்ததைச் சொன்னேன். கன்னத்தில் அறைந்தா. அவ என்னை அறைந்தது அந்த ஒருதரந்தான், கிள்ளு வேறு.

"உண்மை சொல்லிப்போட்டன் எண்டு நினைக்கிறீரோ? உமக்கு நித்திரை வரவேணும், அதுக்குச் சொன்னீர். அந்தாள் இன்னும் ரெண்டு மாதம் அசையேலாமல் இதிலை கிடக்கவேணும். தனக்கு அடிச்ச கையாலை சோறு வாங்கிச் சாப்பிடவேணும். அதை யோசிச்சீரோ?"

நான் யோசிக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவருக்குச் சோறு கொடுத்தேன், முதுகு துடைத்தேன், அதே மாதிரிப் பெட்பான் வைத்து எடுத்தேன். கொட்டாஞ்சேனை அவருடைய கட்டிலைச் சுற்றித் தள்ளி நடந்தாள். ஒருநாள் அவர் அவளைக் கூப்பிட்டு, "தாயீ, தெரியாமச் செஞ்சுட்டேன்" என்று கும்பிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு விறுவிறென்று நடந்து போய் வெளியே வாந்தி எடுத்தாள்.

எலும்பு நன்றாகப் பொருந்தியது. டொக்டருக்கு அதில் பெருமை. கக்கத்தில் வைத்து ஊன்றுகிற தடி ஒன்று கொடுத்து அனுப்பினோம். நாலாம் நாள் காலை, வகுப்பில் இருக்கும்போது, வாட்டில் ஆள் போதவில்லை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். போனால், கட்டிலில் கங்காணி. தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. காறை எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. பண்டகசாலை வாசலில் வைத்து, நாங்கள் கொடுத்த தடியாலேயே, தடி முறியும்வரை அடித்தாராம்.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். கங்காணியைத் தூக்கிவந்த இரண்டு தொழிலாளிகளில் ஒருவரிடம், "ஏன் அடிச்சவர்? ஏதேனும் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன? நைஞ்ச கயித்துல மூட்டை ஏத்தச் சொன்னதே இந்த ஆளுதான். கால் முறிஞ்சப்பறம், குடிச்சிட்டு நின்னான்னு தொரைக்கிட்டச் சொல்லி வேலையிலேருந்தும் நிப்பாட்டிட்டான். நேத்துத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது."

தலையில் விழுந்த அடி அதில் எங்குமே இல்லை. நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கங்காணி அடி வாங்கியிருப்பார். நான் நித்திரையில்லாமல் கிடந்ததும், மணிக்கட்டு நசுங்கியதும், அவர் இரண்டு மாதம் பேசாமல் கிடந்ததும் ஒருவருக்கும் உதவவில்லை. கங்காணி வாயைத் திறக்க முடியாமல் முனகிக்கொண்டு என் கையைப் பற்றினார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் தாடையைக் கட்டினா.

கங்காணியை அடித்தவரைப் பொலிஸ் பிடித்து மறியல்வீட்டில் அடைத்தார்கள். அவர் வெளியே வந்ததும் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்களாம். பின்னொருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த நானாதான் சொன்னார். உண்மையா என்று தெரியாது.

அடுத்த வருடம் பரீட்சை எழுதினோம். இரண்டு பேரும் சித்தியடைந்தோம். கொட்டாஞ்சேனைக்குக் குரல் திரும்பி வந்தது, ஆனால் அடிப்பக்கம் கரகரத்துப்போயிருந்தது. கோயிலில் பாடுவதை விட்டுவிட்டாள். முடிவு வந்த அன்று இரண்டு பேரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தோம். நான் வேதக்காரி இல்லை, துணைக்குப் போனேன். கோயில் வாசலில் மெழுகுதிரி வாங்கக் காத்து நிற்கையில் கேட்டேன்.

"சிலேட்டில் ஏனடி அப்படி எழுதினாய்? நான் எத்தனை தரம் அடிச்சனான் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"எனக்கு மூச்சு வந்த பிறகு நான் எண்ணேல்லை" என்றாள். பிறகு மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு, "மூண்டாவதை நான் அடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றாள்.

அவள் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. கூட்டம் எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. அவள் சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.